பாட்டன் கட்டிய தொட்டிக்கட்டு வீடு: இடிப்பதா, பிழைக்க வைப்பதா?

கேள்வி: ‘‘எங்கள் பாட்டனார் காலத்துத் தொட்டிக்கட்டு வீடு மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பார்கள். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் தொழுவம், மேலே சீமை ஓடு. நாலு வருடமாக ஒழுகுகிறது. சுவரில் ஓதம் ஏறியதால் சிமென்ட் பூசினோம். அதுவும் பெயர்ந்து விழுகிறது. இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டலாம் என்கிறார் அண்ணன். தூண், கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மர வியாபாரி ஒருவர் முன்பணம் தர வந்துவிட்டார். அம்மா மட்டும், ‘என் காலம் வரைக்கும் இருக்கட்டும்’ என்கிறார். என்ன செய்வது?’’

- மணப்பாறை வட்டார வாசகர்.

பதில்: முதலில் அந்த முன்பணத்தை வாங்க வேண்டாம். ஒரு மழைக்காலம் முடியும் வரை இடிக்கும் பேச்சையும் தள்ளிப்போடலாம். கடிதத்தில் இருக்கும் இரண்டு குறைகளும், அதாவது ஒழுகலும் ஓதமும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. சிமென்ட் பெயர்ந்து விழுவது வீடு செத்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. அந்தச் சுவருக்கு ஒவ்வாத மருந்து கொடுக்கப்பட்டது என்பதற்கான அடையாளம்.

வீட்டின் வயதை எப்படி அறிவது?

பழுது பார்ப்பதற்கு முன் வீடு எந்தக் காலத்தது என்று தெரிந்தால், எந்தப் பொருளால் கட்டியது என்பதும் தெரிந்துவிடும். அதற்கு வீட்டிலேயே சில தடயங்கள் உண்டு.

முதல் தடயம் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு கோழிக்கோடு பக்கமும் இந்தத் தொழில் பரவியது. நம் ஊரில் ‘சீமை ஓடு’ என்று பெயர் பெற்றது இதுதான். ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். அதற்கு முன்பு கட்டிய வீடுகளில் குயவர் கையால் செய்த நாட்டு ஓடுதான். ஆனால் நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுப் பின்னாளில் சீமை ஓடு போட்ட வீடுகளும் உண்டு. ஆகவே ஓட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டாவது, காசு. நிலை வைக்கும்போது அடியில் காசு போடும் வழக்கம் இருந்தது. பழுது வேலையின்போது அப்படிக் காசு கிடைத்தால் எழுத்தைப் பார்க்க வேண்டும். விக்டோரியா படத்துடன் ‘குயின்’ என்று இருந்தால் 1876 வரை அச்சானது. ‘எம்ப்ரஸ்’ என்று இருந்தால் 1877-க்குப் பிந்தையது. காசுக்காக நிலையைத் தோண்டுவது மட்டும் கூடாது. நிலை அசைந்தால் மேலே இருக்கும் சுவரும் அசையும்.

மூன்றாவது, பழைய பத்திரங்கள். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், அடமானப் பத்திரம் ஆகியவற்றில் ‘வீடும் மனையும்’ என்று முதலில் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால், வீடு அதற்கு முன்பே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

விக்டோரியா மகாராணி ஆட்சி 1837 முதல் 1901 வரை. திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் போனது 1875-ல். அதுவரை அக்கம்பக்கத்துக் கல், மண், சுண்ணாம்பு, வேம்பு, பனை இவற்றால் கட்டிய வீடுகளில் அதன் பிறகு வெளியூர்ப் பொருள்களும் சேர்ந்தன. பர்மா தேக்கு, சீமை ஓடு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, வளைவுக்குள் வண்ணக் கண்ணாடி என்று வசதிக்கேற்ப வந்தன. தண்டவாளத் துண்டை உத்திரமாகப் போட்ட வீடுகளும் உண்டு. ஆக, அந்தக் கால விவசாயி வீடு என்பது நம் ஊர் அமைப்பும் ரயில் கொண்டுவந்த பொருளும் சேர்ந்த கலப்பு.

சிமென்ட் மட்டும் அன்று இல்லை. திருச்சி மாவட்டத்தில் கல்லக்குடி டால்மியா ஆலை 1939-ல்தான் வந்தது. எனவே நூறு வருடத்து வீட்டின் சுவர் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியதாகத்தான் இருக்கும். பழுது பார்க்க இதுதான் முக்கியமான தகவல்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை

மணப்பாறைப் பக்கம் காவிரித் தண்ணீர் பாயும் பூமி அல்ல. வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, வரகு, கடலை, ஆடு, மாடு இவைதான் பிழைப்பு. மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறைக்கு, வீடு என்றால் முதலில் தானியத்தையும் மாட்டையும் காப்பாற்றும் இடம். அந்தக் கண்ணோடு பார்த்தால் வீட்டின் அமைப்பு புரியும்.

திண்ணை விருந்தாளி உட்காருவதற்கு மட்டும் அல்ல. மழைச்சாரல் சுவரின் அடியில் படாமல் தடுப்பதும் அதுதான். திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்தும் இடமாக மாற்றிய வீடுகளில் முன்சுவர் அரிப்பதற்கு இது ஒரு காரணம்.

முற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். சூடான காற்று மேலே ஏறி முற்றம் வழியாக வெளியேறும். வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். தானியம் காயப் போட்டால் கோழி, ஆடு வராமல் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உரல், அம்மி, திருகை. மழையிலும் வேலை நிற்காது.

உள்ளறை இருட்டாக இருக்கிறது என்று பலர் குறை சொல்வார்கள். அது படுக்கையறையாகக் கட்டியது அல்ல. பத்தாயமும் குதிரும் இருந்த தானிய அறை. சூடும் ஈரமும் படாமல் இருக்கவே ஜன்னல் வைக்கவில்லை. அடுப்படிக்கு மேல் பரண். அடுத்த போகத்துக்கான விதைக் கதிர்களை அங்கே கட்டித் தொங்கவிட்டால் அடுப்புப் புகை வண்டு அடையாமல் பார்த்துக்கொண்டது. ராத்திரி மாடு கத்தினால் காதில் விழ வேண்டும் என்று தொழுவம் பின்கட்டை ஒட்டியே இருந்தது. ஒன்றரை அடி, இரண்டு அடிச் சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நோய் எங்கே இருக்கிறது?

சுண்ணாம்புச் சுவரும் மண் சுவரும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டுக் காயும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இருக்காது. உள்ளே தங்கும் ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறும். உப்பு பூத்து சிமென்டைத் தள்ளும். சிமென்ட் விழும்போது பழைய செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். மேலும் கெட்டியாகப் பூசினால் ஓதம் இன்னும் உயரமாக ஏறும். வடிகால் இல்லாத வயலில் உரத்தை மட்டும் கூட்டிப் போடுவது போன்ற வேலை இது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே விக்டோரியா காலத்துப் பண்ணை வீடுகளில், சுண்ணாம்புச் சுவரின் இணைப்புகளில் பின்னாளில் சிமென்ட் வைத்ததால் கல்லும் செங்கல்லும் கெட்டன. அங்கே வில்லியம் மோரிஸ் என்பவர் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சொல்லும் பாடம் எளிமையானது. பழசைப் புதுசாக்கிக் காட்ட வேண்டாம். கெட்ட இடத்தை மட்டும், அதே வகைப் பொருளால், காலத்தில் பழுது பார்த்தால் போதும்.

ஓதத்துக்கு இன்னொரு காரணம் தெரு. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்கிறது. உயரத்தில் இருந்த வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. முற்றத்துத் தண்ணீர் வெளியே போன தூம்பு அடைபடுகிறது. பிறகு மழைத் தண்ணீர் அஸ்திவாரத்திலேயே நிற்கும்.

எதை முதலில் செய்வது?

மொத்த வீட்டையும் ஒரே வருடத்தில் சரிசெய்யப் பணம் இல்லை என்பதால்தான் பலரும் இடிக்கும் முடிவுக்குப் போகிறார்கள். மூன்று வருட வேலையாகப் பிரித்துக்கொண்டால் சுமை குறையும்.

முதல் வருடம் கூரையும் தண்ணீரும். ஐப்பசி மழைக்கு முன்பே ஓட்டைப் பிரித்து உடைந்ததை மாற்றி வேய வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் அதே அளவு ஓடு கிடைக்கும். ரீப்பர் இற்றுப்போன இடத்தில் மட்டும் புதிது போட்டால் போதும். அதோடு முற்றத்துத் தூம்பைத் தோண்டித் திறந்து, வீட்டைச் சுற்றித் தண்ணீர் விலகி ஓடுமாறு சரிவு கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலை முடிந்தாலே வீடு மேலும் கெடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டாம் வருடம் மரமும் சுவரும். உத்திரம் சுவருக்குள் போகும் முனைதான் முதலில் இற்றுப்போகும். சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த மரம் பொத்தென்று ஒலிக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் அனுபவமுள்ள தச்சர் அதை வெட்டி, ஒட்டுப் போட்டு, இரும்புப் பட்டை பிடித்துத் தருவார். முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கரையான் புற்று ஓடிய சுவரில் விறகு அடுக்கக் கூடாது. பெயர்ந்த சிமென்டைத் தட்டி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் காரை பூசலாம்.

மூன்றாம் வருடம் தரையும் வசதியும். பழைய வீட்டை வெறுப்பதற்கு உண்மையான காரணம் பல குடும்பங்களில் கழிப்பறைதான். வயதான அம்மா ராத்திரி கொல்லைக்குப் போக வேண்டியிருக்கிறது. காலியாகக் கிடக்கும் தொழுவத்துப் பக்கம் தனி அஸ்திவாரத்தில் குளியலறை, கழிப்பறை, ஒரு படுக்கையறை கட்டிக்கொள்ளலாம். புதுக் கட்டடத்தின் பாரத்தைப் பழைய சுவரின் மேல் ஏற்றக் கூடாது. பழைய சுவரில் குழாய் பதிக்கவும் கூடாது.

முற்றத்து மழையையும் வீணாக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் பெய்தால் 70,000 லிட்டர். அதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலே 56,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தொட்டிக்கட்டு வீட்டில் கூரைத் தண்ணீர் ஏற்கெனவே ஒரே இடத்தில் வந்து விழுகிறது. குழாயும் தொட்டியும் வைப்பது மட்டுமே பாக்கி.

எப்போது இடிக்கத்தான் வேண்டும்?

எல்லா வீட்டையும் காப்பாற்றிவிட முடியாது. சுவர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தாலோ, சுண்டுவிரல் நுழையும் அளவு சாய்ந்த விரிசல் இருந்தாலோ, உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தாலோ அந்தப் பகுதியில் ஆள் படுக்கக் கூடாது. பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். சிறு விரிசல் என்றால் அதன் மேல் காகிதத்தை ஒட்டித் தேதி எழுதி வைக்கலாம். ஆறு மாதத்தில் காகிதம் கிழிந்தால் விரிசல் இன்னும் ஓடுகிறது என்று பொருள்.

அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்து மூன்று கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று, கூரையும் தண்ணீரும் மட்டும் சரிசெய்ய ஆகும் செலவு. இரண்டு, மூன்று வருடப் பழுதுச் செலவு. மூன்று, இடிப்புக் கூலி, இடிபாடு அள்ளும் வண்டி, புது அஸ்திவாரம், கட்டி முடியும் வரை தங்கும் வாடகை எல்லாம் சேர்த்த புது வீட்டுச் செலவு. பெரும்பாலும் மூன்றாவது கணக்கில் முதலில் பேசிய தொகையைவிடக் கடைசித் தொகை அதிகமாக இருக்கும். பாகம் பிரிக்கும் நோக்கத்தில்தான் இடிக்கச் சொல்கிறார் என்றால் அது தனிப் பேச்சு. வீட்டின் ஓதத்தைக் காரணம் காட்டி அதைப் பேசக் கூடாது. கூட்டாக வைத்துக்கொண்டு உபயோகத்தைப் பிரித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. எந்த முடிவானாலும் அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர் அம்மா. அவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு ஓடும் இறங்கக் கூடாது.

கேள்வி: ‘‘சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் இப்போது கிடைப்பதில்லை. நாமே கலந்துகொள்ள முடியுமா?’’

- துவரங்குறிச்சி வாசகி.

பதில்: கலக்க முடியும். ஆனால் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் சிறிது சிறிதாகப் போட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் அவசியம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. நீற்றியதைச் சலித்து, தண்ணீர் மேலே நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவைக்க வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சுத்தமான மணல் போதும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். ஆகவே முதலில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, இரண்டு வாரம் பார்த்த பிறகு மீதியைப் பூசலாம். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது. அதனால் அவசரம் கூடாது. வெயில் நேரடியாகப் படாமல் சாக்கு கட்டி, சில நாள் ஈரம் காட்ட வேண்டும். மண் சுவராக இருந்தால் மண் பூச்சும் அதன் மேல் வெள்ளையடிப்பும் போதும். ஊரில் கோயில் திருப்பணி நடந்தால் அங்கே விசாரிக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்றும் அதிகம் இருப்பது அங்கேதான்.

கேள்வி: ‘‘பழைய வீடு என்று வெளியே தெரிந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். அதனால் கதவு, தூண்களை முன்பே விற்றுவிடலாமா?’’

- வையம்பட்டி வாசகர்.

பதில்: இது வீண் பயம். நினைவுச்சின்னங்களுக்கான 1958-ம் ஆண்டின் மத்தியச் சட்டமானாலும், 1966-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமானாலும், நூறு வருடம் ஆனதாலேயே ஒரு வீடு தானாகப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. அதற்கு முறையான அறிவிப்பு வர வேண்டும். சாதாரண விவசாயி வீட்டுக்கு அப்படி வருவது அபூர்வம். சரியாகச் சொன்னால் நிலைமை தலைகீழ். அந்த வீட்டைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் ஓடி வராது. வீட்டுக்காரர்தான் காவல்.

செட்டிநாட்டைப் பார்த்தால் தெரியும். அங்கே பாகத் தகராறாலும் பராமரிக்க ஆள் இல்லாததாலும் இடிந்த பல வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து நகரத்து ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் போயின. மிஞ்சிய வீடுகளைக் கொண்ட செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. சில வீடுகள் இன்று தங்கும் விடுதிகளாக வருமானம் தருகின்றன. கதவை விற்றவருக்குப் பணம் ஒரு முறைதான் வந்தது.

விவசாயி வீட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்குச் சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிண சித்ரா சாட்சி. இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டோடு தஞ்சைப் பக்கத்து விவசாயி வீடும் அங்கே இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் பார்க்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசாமல் மரத்தைத் தனியே, ஓட்டைத் தனியே, கல்லைத் தனியே அளந்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். புது வீட்டுக்கு உதவும் மரத்தை முதலில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இடிப்பதற்கு முன் வீட்டை அளந்து, அறைக்கு அறை படம் எடுத்து, எந்த அறையில் எது இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பத்தாயம் எங்கே இருந்தது, விதைக் கதிரைப் பரணில் எந்த இடத்தில் கட்டினார்கள் என்பதைச் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வைக்கச் செலவு எதுவும் இல்லை.